சோஜிலா: நாள் கணக்கும் மணிக் கணக்கும்

பங்குனி பிறந்தால் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி ஒன்று வரும். பனியால் மூடிக் கிடந்த ஸ்ரீநகர்-லே சாலை திறக்கப்பட்டது, சோஜிலா கணவாய் வழியாக வண்டிகள் ஓடத் தொடங்கின என்று. எத்தனை நாள் மூடியிருந்தது என்ற கணக்கையும் மறக்காமல் போடுவார்கள். 2021இல் 110 நாள், 2022இல் 73 நாள், 2023இல் 68 நாள். ஒரு காலத்தில் 160, 180 நாள் மூடிக் கிடந்த சாலை அது.

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் இந்தச் செய்திக்காகப் பேப்பர் வாங்குகிறவர்கள் யாரும் இல்லை. நான் மட்டும் தேடிப் படிப்பேன். எல்லைச் சாலை அமைப்பின் கிரெஃப் படையில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கணவாயின் இரண்டு பக்கத்திலும் பனி வெட்டும் வேலையில் நின்றிருக்கிறேன். செய்தியில் நாள் கணக்குதான் இருக்கும், மணிக் கணக்கு இருக்காது. சோஜிலாவைக் கடந்தவர்கள் எல்லோரும், கம்பளிச் சுமை தூக்கியவனிலிருந்து டோசர் ஓட்டியவன் வரை, உயிரோடு திரும்பியது மணிக் கணக்கால்தான்.

கணவாயின் உயரம் 3,528 மீட்டர், அடியில் சொன்னால் 11,575. லேவுக்கு அப்பால் உள்ள கார்துங்லா இதைவிட ஏறக்குறைய ஆறாயிரம் அடி கூடுதல் உயரம். ஆனாலும் வம்பு பிடித்தது சோஜிலாதான். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து குளிர்காலத்தில் வரும் ஈரக்காற்று காஷ்மீர்ப் பள்ளத்தாக்கைத் தாண்டியதும் இந்த மலையில்தான் வந்து முட்டுகிறது. சுமந்து வந்த பனியில் பெரும்பங்கை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டினால் லடாக், வறண்ட பூமி.

மலையின் அமைப்பும் கோணலானது. சோனாமார்க் தாண்டி பால்டாலில் நின்று பார்த்தால் தலைக்கு மேலே செங்குத்தாக நிற்கும். மூச்சு வாங்க ஏறி மேலே போனால் சிகரம் போல எதுவும் இருக்காது. நீளமான, ஏறக்குறையச் சமதரையான பள்ளத்தாக்கு தொடங்கிவிடும். கும்ரி, மீனாமார்க், மடாயன் என்று மெல்ல இறங்கி திராஸ் போய்ச் சேரும். ஆபத்தெல்லாம் பால்டால் ஏற்றத்திலும், கும்ரியை ஒட்டிய சில மைல்களிலும் குவிந்திருக்கிறது. கேப்டன் மோர், ஷைத்தானி நாலா என்று சில இடங்களுக்குச் சாலைக்காரர்களிடம் தனிப் பெயர் உண்டு. எங்கே வண்டியை நிறுத்தக் கூடாது என்று புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது முதலில் வரும் பெயர்கள் அவை.

பனி என்றாலே மார்கழி, தை என்று நினைப்பது நம் ஊர்ப் பழக்கம். சித்திரை வந்துவிட்டால் மலையில் நிம்மதி என்று தோன்றும். அங்கே கணக்கு வேறு. குளிர்காலம் முழுக்க விழுந்த பனி ஒரே பாளமாக இருக்காது, ஒவ்வொரு புயலும் ஒரு படலத்தைப் போட்டுவிட்டுப் போகும். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு நூறு கிலோ அளவில்தான் எடை இருக்கும். வெயில் காலம் நெருங்க நெருங்க அது இறுகி, ஈரம் குடித்து, நானூறு ஐந்நூறு கிலோ ஆகிவிடும். பகல் வெயிலில் மேற்பனி உருகும். உருகிய தண்ணீர் உள்ளே இறங்கி, கெட்டியான ஒரு படலத்தின் மேலோ அடியில் உள்ள பாறை மேலோ தேங்கும். அங்கே பிடிப்பு விட்டுப்போனால் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவு எதுவானாலும் மேலே இருப்பதை அப்படியே கீழே தள்ளிவிடும்.

மேகமில்லாத இரவு இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. ஊறிய பனி உறைந்து ஓடு கட்டுகிறது. விடிகாலையில் அதன் மேல் நடந்தால் பூட்ஸ் தடம்கூடப் பதியாது. சூரியன் ஏறினால் முதலில் கிழக்கு பார்த்த சரிவு இளகும், அடுத்துத் தெற்கு, பிற்பகலில் மேற்கு. ஆக வசந்தகால மலையில் எந்தச் சரிவு எப்போது இளகும் என்பதற்கு ஏறக்குறைய ஒரு நேர அட்டவணையே உண்டு. இரவில் மேகம் மூடினாலோ மழை பெய்தாலோ அந்த அட்டவணை செல்லாது. ஓடு கட்டவே கட்டாது. அப்படிப்பட்ட விடியலில் அனுபவசாலி ஆபரேட்டர் இஞ்சினைக் கிளப்ப மாட்டார்.

இந்த அட்டவணையை எங்களுக்கு முன்னால் அறிந்தவர்கள் கம்பளி வியாபாரிகள். சால்வைக்கான பஷ்மினா ரோமம் லடாக்கின் கிழக்கிலுள்ள சாங்தாங் மேட்டு நிலத்து ஆடுகளிடமிருந்து வந்தது. அதைக் காஷ்மீருக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று 1684இல் ஏற்பட்ட திங்மோஸ்காங் உடன்படிக்கை கட்டிப்போட்டது. ஸ்ரீநகர்த் தறிகள் ஓட வேண்டுமானால் சோஜிலா திறந்தாக வேண்டும். அப்போது அங்கே இரண்டு வழிகள் இருந்தன. கோடையில் மலைவிலாவை ஒட்டி வளைந்து ஏறும் பாதை. பனிக்காலத்தில் அந்தப் பாதை மறைந்துபோகும், அதனால் கீழே ஓடையின் இடுக்குக்குள் நிறைந்து கிடக்கும் பனி மேலேயே ஏறிப் போவார்கள். இடுக்குவழி குறுக்குவழிதான், ஆனால் இரண்டு பக்கத்துச் சரிவும் அதற்குள்தான் வந்து விழும்.

சித்திரை வைகாசியில் இன்னொரு சிக்கல். இடுக்கை நிறைத்திருக்கும் பனிக்கு அடியில் ஓடை விழித்துக்கொண்டு பனியைக் குடைய ஆரம்பிக்கும். மேலே வெள்ளையாகத் தெரியும் தரை, உள்ளே வெறும் கூரை. எந்த நாள்வரை இடுக்குவழி, எந்த நாளிலிருந்து மலைவிலாப் பாதை என்று தீர்மானிப்பதுதான் அந்தக் காலத்து வழிகாட்டியின் முழுத் திறமையும். அந்த ஒரு தீர்மானத்துக்காகத்தான் அவனுக்குக் கூலி.

இத்தாலியப் பாதிரியார் இப்போலிதோ தெசிதேரி 1715 மே 17 அன்று ஸ்ரீநகரிலிருந்து புறப்பட்டு, மே மாதக் கடைசியில் இந்தக் கணவாயைப் பனியோடு கடந்து, ஜூன் 26 அன்று லே போய்ச் சேர்ந்தார். இன்றைக்கு ஒரே நாளில் வண்டி போகும் தூரம், அவருக்கு ஐந்து வாரத்துக்கும் மேல் ஆனது. அவர் புறப்பட்ட தேதியைக் கவனியுங்கள். வைகாசி பிறந்த பிறகும் அங்கே பனி.

1870இல் காஷ்மீர் மகாராஜா ரண்பீர் சிங்குக்கும் ஆங்கிலேயருக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் மத்திய ஆசியா போகும் பாதைக்குத் தனி மேற்பார்வை வந்தது. லேவில் இரண்டு தரப்புக்கும் இரண்டு கூட்டு ஆணையர்கள் அமர்ந்தார்கள். ஸ்ரீநகரிலிருந்து வரும் பாதைக்கே ஒப்பந்தச் சாலை என்று பெயர் விழுந்தது. கார்கில் பக்கத்துப் புரிக் பகுதியின் குதிரைக்காரர்கள் அதில் சுமை ஏற்றிப் பிழைத்தார்கள். கிராயாகஷ் என்று அவர்களுக்குப் பெயர். கோடையில் குதிரை போகும். குளிர்காலத்தில் மனிதன்தான், அதிலும் தபால்காரன். தபால் நிற்கக் கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. எப்போது ஏறுவது என்பது மட்டும் தபால்காரனின் முடிவு.

எங்களோடு தற்காலிகக் கூலியாக வேலை செய்த திராஸ் பக்கத்துப் பெரியவர் ஒருவரின் தகப்பனார் தபால் சுமந்தவர். நாங்கள் அவரைச் சாச்சா என்போம், அவர் எங்களை சாப் என்பார். மேலே கிழக்குப் பக்கம் துருத்தி நிற்கும் ஒரு கறுத்த பாறையைக் காட்டி அவர் ஒருநாள் சொன்னார்: "சாப், அந்தப் பாறைக்கு வெயில் வந்துட்டா தபால் பை மடாயன்ல இருக்கணும், இல்ல பால்டால்லயே இருக்கணும். நடுவுல இருக்கக் கூடாது." கையில் கடிகாரம் கட்டாத தலைமுறை அது. அந்தப் பாறைதான் அவர்களுக்கு நேரம் சொன்னது.

கணவாயின் வரலாற்றில் 1948 தனி அத்தியாயம். பாகிஸ்தான் பக்கத்துப் படைகள் லடாக்கை நோக்கி வந்துகொண்டிருந்தன. லேவைக் காக்க ஆள் அனுப்ப வேண்டும், கணவாயோ நடுக்குளிர்காலப் பனியில். ஹிமாசலின் லாஹௌலைச் சேர்ந்த மேஜர் பிரிதி சந்த் நாற்பது பேர் அளவிலான தன்னார்வலர்களோடு பிப்ரவரியில் புறப்பட்டு, சோஜிலாவைக் கடந்து, மார்ச் 8 அன்று லேவை அடைந்தார். பனிமலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களால் ஆன காரியம் அது. அவர்களோடு போன பொறியாளர் சோனம் நோர்பு லேவில் விமானத் தளம் அமைக்க, மே 24 அன்று மெஹர் சிங் ஓட்டிய டகோட்டா அங்கே இறங்கியது. ஜெனரல் திம்மையா அதில் வந்தார்.

ஆனால் சாலை வழி பறிபோயிற்று. சோஜிலாவை எதிரி பிடித்துக்கொண்டான். செப்டம்பரில் காலாட்படை நடத்திய தாக்குதல்கள் பலிக்கவில்லை. அப்போதுதான் டாங்கியை மேலே ஏற்றுவது என்ற யோசனை வந்தது. பால்டாலிலிருந்து கும்ரிக்கு இருந்தது கோவேறு கழுதை நடக்கிற பாதை. அதை டாங்கி போகும் அளவுக்கு அகலப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ், நம் ஆட்கள். ராணுவத்தில் இன்றைக்கும் 'தம்பி' என்றே அழைக்கப்படும் படை. அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவராக மேஜர் தங்கராஜுவின் பெயர் பதிவாகியிருக்கிறது. எதிரியின் குண்டு எட்டும் தூரத்தில் பாறையை வெடித்து, மண்ணை வெட்டிப் பாதை போட்டார்கள். ஏழாம் லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள், வழியிலுள்ள பலவீனமான பாலங்களைத் தாண்டுவதற்காகத் தலைப்பகுதி கழற்றப்பட்டு, ரகசியமாகக் கொண்டுவரப்பட்டன. அக்டோபரில் நடக்க வேண்டிய தாக்குதல் மோசமான வானிலையால் தள்ளிப்போய், நவம்பர் 1 அன்று நடந்தது. அந்த உயரத்தில் டாங்கி வரும் என்று எதிரி எதிர்பார்க்கவில்லை. அதே மாதம் 24ஆம் தேதிக்குள் திராஸும் கார்கிலும் மீண்டன.

இன்னும் சில வாரம் தாமதித்திருந்தால் பனி கணவாயை மூடியிருக்கும், அடுத்த முயற்சிக்கு மறு வருஷம்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். தம்பிகள் வெட்டிய அந்தத் தடத்தின் பெருமையைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தியாவது சொல்லலாம்.

1960 மே 7 அன்று எல்லைச் சாலை அமைப்பு தொடங்கியது. பீக்கன் என்ற பெயரில் காஷ்மீரில் வேலை ஆரம்பித்து, அறுபதுகளின் தொடக்கத்திலேயே ஸ்ரீநகரிலிருந்து லேவுக்கு வண்டி போகும் சாலை வந்தது. சாலை வந்ததும் கேள்வி மாறிவிட்டது. அதுவரை ஆள் எப்போது கடப்பது என்பதுதான் கேள்வி. அதன் பிறகு, மூடிய சாலையை எப்போது, எப்படித் திறப்பது என்பதே பெரிய வேலையாயிற்று. அரிசி, மண்ணெண்ணெய், மருந்து என்று ராணுவமும் ஊர்மக்களும் ஆறு மாதத்துக்கான சரக்கைக் கோடையிலேயே ஏற்றி வைக்க வேண்டியிருந்தது. கார்கிலில் மாசி மாதம் தக்காளியும் பச்சை மிளகாயும் கண்ணில் படாத வருஷங்கள் உண்டு.

திறக்கும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டிக்கொண்டே வருவார்கள். ஒரு பக்கம் சோனாமார்க்கிலிருந்து பீக்கன், மறுபக்கம் திராஸ் பக்கமிருந்து அதே அமைப்பின் இன்னொரு பிரிவான விஜயக். விடியுமுன் மூன்று மணி நான்கு மணிக்கு டோசருக்கு உயிர் கொடுக்க வேண்டும். டீசல் உறைந்து நிற்கும், எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் தீ காட்டுவார்கள். கூடாரத்தில் புகாரி அடுப்பின் சூட்டை விட்டு வெளியே வர யாருக்கும் மனம் இருக்காது. ஆபரேட்டர் பெரும்பாலும் பஞ்சாப்காரர் அல்லது ஹிமாசல்காரர், அன்றைக்கு யார் முதலில் வெட்டப்போகிறார் என்று முந்தின இரவே பேசி முடித்திருப்பார்கள்.

முதல் வெட்டு எப்போதும் குருட்டு வெட்டு. இருபது அடிக்கு மேல் பனி கிடக்கும் இடத்தில் சாலை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நீளக் கம்பியைக் குத்திப் பார்ப்போம். தார்த்தளம் தட்டினால் ஒரு சத்தம், மண் தட்டினால் வேறு சத்தம். தப்பான இடத்தில் பிளேடு நுழைந்தால் வெளிப்பக்கம் அதலபாதாளம். டோசர் மேல்படலத்தைத் தள்ளிக்கொண்டே போகும், பின்னால் ஸ்னோ கட்டர் சுழன்று பனியை அள்ளி வீசும். இரண்டு பக்கமும் பஸ்ஸைவிட உயரமான வெள்ளைச் சுவர் எழும்பும். மேலே ஓர் ஆள் நிற்பான், அவனுக்கு வேலை எதுவும் கிடையாது. சரிவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கையில் விசில். இஞ்சின் இரைச்சலில் விசில் காதில் விழாது என்பதால் கொடியும் வைத்திருப்பான்.

அந்த ஆள் எதைப் பார்க்கிறான்? மேலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வருகின்றனவா? பாறை இடுக்குகளில் தண்ணீர் சொட்டுகிறதா? சரிவின் குறுக்கே புதிதாக ஒரு விரிசல் தெரிகிறதா? நடக்கும்போது பூட்ஸ் முழங்கால்வரை புதைகிறதா? முகட்டில் காற்று கட்டிய பனி விளிம்பு தொங்குகிறதா, நேற்று இருந்ததைவிடப் பெருத்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் விசில். காலை பத்து, மிஞ்சினால் பதினொன்று. அதற்குள் வண்டிகள் பாதுகாப்பான இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். மேலதிகாரி வந்து நின்று இன்னும் நூறு மீட்டர் என்று கேட்டாலும் அனுபவசாலி ஆபரேட்டர் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

நான் பார்த்த ஈரப்பனிச் சரிவுகள் எதுவும் சினிமாவில் வருவதுபோலப் புகைமண்டலமாக வந்ததில்லை. அழுக்குப் பிடித்த, கல்லும் மரக்கிளையும் கலந்த கூழாக, அவசரமில்லாமல் வரும். வந்து நின்ற சில நிமிஷத்தில் சிமென்ட் இறுகுவதுபோல இறுகிவிடும். மண்வெட்டி ஏறாது, கடப்பாரைதான் வேண்டும். புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கலாம், அரை மணியைத் தாண்டிவிட்டால் பத்தில் மூன்று பேர்தான் என்று ஆல்ப்ஸ் மலைப் பதிவுகளிலிருந்து கண்ட கணக்கு ஒன்று உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பத்தொன்பதாம் மெட்ராஸ் படைப்பிரிவின் பத்துப் பேர் புதைந்தபோது, லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்டார். சில நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார். தமிழ்நாட்டுச் சிப்பாய்களும் அந்தப் பத்துப் பேரில் இருந்தார்கள். பனிச்சரிவு என்ற சொல் நம் கிராமங்களுக்குள் வந்தது அந்தச் சவப்பெட்டிகளோடுதான்.

விசில்காரனின் அறிவை அறிவியலாக்கும் முயற்சி 1969இல் மணாலியில் தொடங்கியது. பனி, பனிச்சரிவு ஆய்வுக்காகப் பாதுகாப்புத் துறை ஒரு நிறுவனம் அமைத்தது. 2020இல் அது வேறொரு ஆய்வகத்தோடு இணைந்து புதுப் பெயர் பெற்றது. பனியைக் குழி வெட்டிப் படலம் படலமாக அளப்பது, வெப்பநிலை குறிப்பது, நாளைக்கு எந்தச் சரிவு ஆபத்து என்று முன்னறிவிப்பது அவர்கள் வேலை. அந்த அறிவு எவ்வளவு அவசியம் என்பதை 1979 மார்ச் காட்டிக்கொடுத்தது. லாஹௌல் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து விழுந்த சரிவுகளில் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் கணவாயைக் கடந்துகொண்டிருந்தவர்கள் அல்லர், குளிர்காலம் முடியக் காத்திருந்த ஊர்மக்கள்.

நாள் கணக்கு சுருங்கியதன் பலனை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1999இல் பனி குறைவாக இருந்து கணவாய் வழக்கத்தைவிட முன்னதாகத் திறந்தது, கார்கில் போருக்குப் படை ஏற்ற உதவியது. பிரசவத்துக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் விமானத்தை நம்பி உட்கார்ந்திருந்த மக்களுக்கு ஒவ்வொரு நாளும் லாபம்தான். ஆனால் வைகாசியில் திறந்த சாலையைப் பங்குனியிலேயே திறந்தால் இரண்டு ஆபத்தும் ஒன்றாக வரும். புதுப்பனி கொட்டும் புயல் இன்னும் ஓயவில்லை, பகல் வெயிலோ ஏற்கெனவே உறைக்கத் தொடங்கிவிட்டது. திறந்த சாலை மறுவாரமே மூடுவதும், நடுவில் வண்டிகள் மாட்டிக்கொள்வதும் அதனால்தான். இயந்திரம் தேதியை இரண்டு மாதம் முன்னால் இழுத்துவிட்டது. பத்து மணியைப் பதினொன்றரை ஆக்க அதனால் முடியவில்லை.

இதற்கு முடிவு சுரங்கச் சாலைதான். ரோதங் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கச் சாலை 2020 அக்டோபர் 3 அன்று திறந்தபின் லாஹௌல் மக்களின் குளிர்காலமே மாறிவிட்டது. சோனாமார்க்குக்கு முந்தைய சுரங்கம் 2025 ஜனவரி 13 அன்று திறந்தது. சோஜிலாவுக்கு அடியில் 13 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கத்துக்கு முதல் வெடி 2020 அக்டோபரில் வைக்கப்பட்டது. அது முழுதாகப் பயனுக்கு வரும் நாளில் பனி வெட்டும் டோசர்களுக்கு அந்த ஏற்றத்தில் பெரிய வேலை இருக்காது. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

அதுவரை, ஏப்ரல் மே விடுமுறையில் லடாக் கிளம்பும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சோனாமார்க்கில் போக்குவரத்துப் போலீஸ்காரர் "நேரம் முடிஞ்சுது, நாளைக்குக் காலைல வாங்க" என்று வண்டியைத் திருப்பினால் அவரோடு சண்டை போடாதீர்கள், ஓட்டல் அறைக்குப் பணம் போனதைச் சொல்லிக் காட்டாதீர்கள். வானம் நீலமாகத்தான் இருக்கும், வெயில் சுகமாகத்தான் அடிக்கும். அந்த வெயில்தான் ஆபத்து. இரவு தங்கிவிட்டு விடியுமுன் கிளம்புங்கள்.